நீச்சல் குளமும் தோல் அரிப்பும்: குளோரின் மட்டுமா காரணம்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் தோல் நோய்ப் பிரிவின் புறநோயாளிகள் வரிசையில் ஈரத் தலையுடன் குழந்தைகள் வந்து அமரத் தொடங்குவார்கள். கோடை விடுமுறை நீச்சல் பயிற்சி முடிந்து நேராக மருத்துவமனைக்கு வருபவர்கள் அவர்கள். அரிப்பு, வறட்சி, சிவந்த கண்கள், முதுகில் சிறு கொப்புளங்கள் என்று குறைகள் பலவாக இருக்கும். ஆனால் பெற்றோர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "குளோரின் ஒத்துக்கலை, டாக்டர்."

சில ஆண்டுகளுக்கு முன் இதே சொற்களுடன் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் தாயார் அழைத்து வந்தார். மூன்று ஆண்டுகளாக முறையாகப் பயிற்சி பெற்று வந்தவள். மாவட்ட அளவிலான தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். கண்களைச் சுற்றித் தோல் சிவந்து, தடித்து, செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. கைகால்களில் வறட்சியும் இருந்தது. நெரிசல் மிகுந்த ஒரு மாலை நேரம் அது. நான் பார்த்தேன், குளோரினால் வந்த தோல் அழற்சி என்று எழுதினேன், களிம்பு ஒன்றைக் கொடுத்து, நான்கு வாரம் நீந்த வேண்டாம் என்றேன். நான்கு வாரத்தில் கண்களைச் சுற்றியிருந்த புண் முற்றிலும் ஆறியது. ஆகவே என் முடிவு சரியே என்று நானும் எண்ணினேன், அவர்களும் எண்ணினர். மீண்டும் குளத்தில் இறங்கிய இரண்டாம் நாளே கண்கள் வீங்கின. அவ்வாண்டின் தேர்வு அவளுக்குக் கைநழுவியது. "இவளுக்குத் தண்ணியே ஆகாது, விட்டுடுங்க" என்று பாட்டி சொல்லிவிட்டதாகத் தாயார் வந்து கூறினார். நானே அந்த முடிவுக்கு ஏறக்குறைய வந்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி மிக எளியது. குளத்து நீர் உடல் முழுவதும் படுகிறது. அப்படியிருக்க, நோய் ஏன் கண்களைச் சுற்றி, வட்டமாக, வரைந்தாற்போல் நிற்கிறது? அவளது நீச்சல் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி முகத்தில் அணிவித்துப் பார்த்தபோது, அதன் கருநிற ரப்பர் விளிம்பு நோயின் எல்லைக்கோட்டின் மேல் அப்படியே பொருந்தியது. காதுகளுக்கு மேலே, பட்டை அழுத்தும் இடத்திலும் மெல்லிய தடிப்பு இருந்தது. 'பேட்ச் டெஸ்ட்' எனப்படும் ஒட்டுப் பரிசோதனை செய்தோம். ரப்பரை உறுதிப்படுத்துவதற்குச் சேர்க்கும் வேதிப்பொருள்களில் ஒன்றுக்கு அவளுக்கு ஒவ்வாமை இருப்பது தெரிந்தது. நீச்சலை நிறுத்தியபோது கண்ணாடி அணிவதும் நின்றது. அதனால்தான் புண் ஆறியது. குளோரின் அங்கே ஒரு சாட்சியாக நின்றதே தவிர, குற்றவாளி அன்று. சிலிக்கோன் விளிம்புள்ள கண்ணாடிக்கு மாறியபின் அவள் நீந்துகிறாள். கைகால் வறட்சி மட்டும் குளத்து நீரால் வந்ததுதான். அதற்குக் களிம்பே போதுமானதாக இருந்தது.

எரிச்சலும் ஒவ்வாமையும் வேறு வேறு என்பதை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. எரிச்சல் என்பது ஒரு பொருள் தோலின் மேலடுக்கை நேரடியாகச் சேதப்படுத்துவது. அளவும் நேரமும் கூடினால் யாருக்கும் அது வரலாம். பாத்திரம் துலக்குபவர்களின் கைகள் வெடிப்பதைப் போல. ஒவ்வாமை என்பது உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு குறிப்பிட்ட பொருளை நினைவில் வைத்துக்கொண்டு அதை எதிர்ப்பது. ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது. மிகச் சிறு அளவே போதும். குளோரினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. குளத்தால் தோலுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி எரிச்சல் வகையைச் சேர்ந்தது. எனவே "குளோரின் அலர்ஜி" என்ற சொற்றொடரைக் குழந்தையின் பெயரோடு ஒட்டிவிடும் முன் சற்றுப் பொறுங்கள். அது பள்ளிப் பதிவேட்டிலும் குடும்பப் பேச்சிலும் ஏறிவிட்டால் இறக்குவது கடினம். நீந்தத் தெரியாமல் வளரும் பிள்ளைக்கு ஆறும் குளமும் கடலும் வேறு வகையில் ஆபத்தானவை.

இனி நீரைப் பற்றிச் சிறிது. குளங்களில் பிளீச்சிங் பவுடரையோ திரவக் குளோரினையோ கலக்கிறார்கள். இரண்டும் நீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தருகின்றன. கிருமிகளைக் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்வது இதுவே. நீரின் கார அமில அளவு, அதாவது பி.ஹெச்., 7.2 முதல் 7.8 வரை இருக்கும்போது இது நன்கு செயல்படும். அளவு 8-ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் அதன் ஆற்றல் பெருமளவு குறைந்துவிடும். தோலின் மேற்பரப்போ இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது. அதன் அளவு ஏறத்தாழ 5. ஆகவே நன்கு பராமரிக்கப்பட்ட குளத்திலும்கூட, ஒரு மணி நேரம் ஊறினால் தோலின் எண்ணெய்ப் படலம் ஓரளவு கரைந்து வறட்சி தோன்றுவது இயற்கையே. குளத்து நீரில் தளைப்படாத குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை இருப்பது பொதுவான வழக்கம்.

பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இனிமேல்தான் வருகிறது. குளத்தருகே சென்றதும் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி குளோரின் மிகுதியால் வருவதன்று. வியர்வை, சிறுநீர், உடலில் பூசிய எண்ணெய், களிம்பு ஆகியவற்றிலுள்ள நைட்ரஜன் சேர்மங்களுடன் குளோரின் கலந்து குளோரமின்கள் உண்டாகின்றன. கண்ணை எரியவைப்பதும், தோலை அரிக்கச்செய்வதும், மூடிய அரங்குகளில் இருமலைத் தருவதும் பெரும்பாலும் இவையே. நெடி அடிக்கும் குளம் என்றால் அங்கே குளோரின் தன் வேலையைச் செய்து களைத்துவிட்டது என்று பொருள். அதற்கு வேண்டுவது புதுநீரும், காற்றோட்டமும், முறையான குளோரின் அளவுமே. குளோரினைக் குறையுங்கள் என்று நிர்வாகத்திடம் சண்டையிடும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கேட்பது நடந்தால் நிலைமை மோசமாகும். நீந்துமுன் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் நன்றாகக் குளித்துவிட்டு இறங்கினாலே இந்தத் தொல்லை பெரிதும் குறையும். இதை எழுதும்போதே, எத்தனை குளங்களில் குளியல் குழாயில் தண்ணீர் வருகிறது என்ற ஐயமும் எழுகிறது.

2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பாய்ந்து குதிக்கும் போட்டிக்கான குளம் ஒரே நாளில் பச்சை நிறமானது பலருக்கு நினைவிருக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு தவறுதலாகக் கலக்கப்பட்டதால் குளோரின் செயலிழந்து, பாசி படர்ந்தது. உலகப் போட்டிக் குளத்திற்கே அப்படியென்றால், கோடையில் காலை முதல் மாலை வரை குழுக்குழுவாகப் பிள்ளைகள் இறங்கும் நம் குளங்களைச் சொல்லவேண்டியதில்லை. கடும் வெயிலும் குளோரினைச் சில மணி நேரத்தில் சிதைத்துவிடுகிறது. முடிந்தால் காலையின் முதல் வகுப்பில் சேருங்கள். ஆனால் மருந்து கொட்டிய உடனே எவரும் இறங்கக் கூடாது. குளத்தின் அடித்தளமும் வடிகால் மூடியும் மேலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். குளோரின், பி.ஹெச். அளவுகளை எழுதிவைக்கும் பலகை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. "இது உப்புநீர்க் குளம், குளோரினே இல்லை" என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். அங்கே உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரின் உண்டாக்கப்படுகிறது, அவ்வளவே.

குளோரின் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்களிடம் வரும் ஒரு நோயே சான்று. சுற்றுலா விடுதியின் வெந்நீர்த் தொட்டியில் குளித்துவிட்டு வந்த ஓரிரு நாளில், நீச்சலுடை மூடியிருந்த இடங்களில் அரிப்புடன் சிவந்த கொப்புளங்கள் தோன்றும். ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு வரும். சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிரி மயிர்க்கால்களில் புகுவதே இதற்குக் காரணம். வெந்நீரில் குளோரின் விரைவில் தீர்ந்துபோவதால் அங்கே அது செழிக்கிறது. நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கிவிடும். சர்க்கரை நோயாளிகளும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்களும், காய்ச்சல் கண்டவர்களும் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கரப்பான் உள்ள குழந்தைகளின் பெற்றோர்தான் மிகுந்த அச்சத்துடன் வருகிறார்கள். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் ஆண்டு முழுவதும் அரித்துக்கொண்டிருக்கும் அட்டோபிக் வகைக் கரப்பானைச் சொல்கிறேன். இவர்களின் தோலில் காப்புச் சுவர் இயல்பிலேயே பலவீனமானது. எனவே குளத்து நீர் மற்றவர்களைவிட அதிகமாக எரியும். ஆயினும் நீச்சலைத் தடைசெய்ய வேண்டியதில்லை. வியப்பாக இருக்கலாம்: குளத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் அளவில், ஹைப்போகுளோரைட் கலந்த நீரில் சில நிமிடம் அமரவைப்பது கிருமித்தொற்றுள்ள கரப்பானுக்கு ஒரு சிகிச்சையாகவே தரப்படுவதுண்டு. 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று இதில் நல்ல பலன் கண்டது; பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே சீராக இல்லை. இதைப் படித்துவிட்டு வீட்டில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டிவிடாதீர்கள். அளவு பிசகினால் தோல் வெந்துபோகும். அரிப்பு கடுமையாகி, புண் கசிந்துகொண்டிருக்கும் நாள்களில் மட்டும் குளத்தைத் தவிர்த்தால் போதும்.

அத்தகைய குழந்தைக்கு, இறங்குமுன் குளித்துவிட்டு, கரப்பான் உள்ள இடங்களில் மட்டும் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவுங்கள். அரைமணி நேரத்தில் தொடங்கிப் படிப்படியாக நேரத்தைக் கூட்டலாம். வெளியே வந்ததும் ஈர நீச்சலுடையோடு சிற்றுண்டிக் கடைக்கு அழைத்துச் செல்லாதீர்கள்! உடனே வெதுவெதுப்பான நீரில், மென்மையான சோப்பினால் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றியெடுத்து, தோல் முழுதும் உலரும் முன்பே ஈரப்பதக் களிம்பைத் தாராளமாகப் பூச வேண்டும். இந்தச் சில நிமிடங்களே முக்கியமானவை. இரவு வீடு திரும்பிப் பூசினால் பாதிப் பயன்தான். பாட்டிமார் விரும்பும் தேங்காய் எண்ணெயை நீந்திக் குளித்தபின் தடவுவதில் தவறில்லை; முன்னதாகத் தடவினால் அது குளத்து நீரைத்தான் கெடுக்கும். பயத்தமாவும் கடலைமாவும் போட்டுத் தேய்ப்பதை மட்டும் எரிச்சல் கண்ட தோலில் செய்ய வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'எல்லாவற்றுக்குமான' களிம்புகளும் வேண்டாம். அவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு மறைந்திருப்பதை வாரந்தோறும் பார்க்கிறோம். கண்ணிமை போன்ற மெல்லிய தோலில் அவை பெருந்தீங்கு செய்யும்.

"குளோரின் பட்டு என் மகள் கறுத்துவிட்டாள்" என்ற முறையீட்டுக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம்: கறுக்கச் செய்தது வெயில். கூரையுள்ள குளத்தில் நீந்துபவர் கறுப்பதில்லை. நீர்புகா சன்ஸ்கிரீனும் முழுக்கை நீச்சலுடையும் உதவும். அந்த நிறமாற்றம் நோயன்று. அதற்காகச் சிவப்பழகுக் களிம்பு தேடுவதே நோயை வரவழைக்கும்.

எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் நான் தீவிரமாக எச்சரிக்க விரும்புகிறேன். நீரில் இறங்கிய அல்லது வெளியேறிய சில நிமிடங்களில் உடலெங்கும் காணாக்கடி போலத் திட்டுத்திட்டாகத் தடித்து, ஒரு மணி நேரத்திற்குள் சுவடின்றி மறைந்தால், அது குளோரின் எரிச்சல் இல்லாமல் இருக்கலாம். குளிர்ச்சியால் தூண்டப்படும் காணாக்கடியாக இருக்கக்கூடும். முன்கையில் பனிக்கட்டியைச் சில நிமிடம் வைத்து எடுத்து மருத்துவமனையிலேயே சோதித்துவிடலாம். இந்நோய் உள்ளவர்கள் குளிர்ந்த நீரில் முழுவதுமாக இறங்கும்போது இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்து மயங்கக்கூடும். நீருக்குள் மயக்கம் என்றால் உயிருக்கே ஆபத்து. ஊட்டியின் குளத்திற்கோ குற்றாலத்து அருவிக்கோ செல்லுமுன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தடிப்புடன் உதடு வீக்கம், மூச்சுத்திணறல், தலைசுற்றல் ஏதேனும் வந்திருந்தால் மருத்துவர் அனுமதிக்கும்வரை நீரில் இறங்கவே கூடாது.

ஒட்டுப் பரிசோதனைக்கு வருபவர்களுக்கு: திங்களன்று முதுகில் ஒட்டுவோம், புதனன்று எடுத்துப் பார்ப்போம், வெள்ளியன்று மீண்டும் பார்ப்போம். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது. எனவே நீச்சலும் இல்லை. அரிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு எதையேனும் உட்கொள்பவர் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வரும்போது மருந்துச் சீட்டுடன் நீச்சல் கண்ணாடி, தொப்பி, மூக்குக் கவ்வி, நீச்சலுடை, குளித்தபின் பூசும் களிம்பு ஆகிய அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பழைய கண்ணாடியைத் தூக்கி எறிந்திருந்தால், அதே வகையில் புதியது ஒன்றை வாங்கிவர வேண்டியதில்லை; அதன் அட்டைப்பெட்டி இருந்தாலும் போதும்.