டயரின் இலக்கத்தை அறிந்து வைத்திருத்தல்

மரக்கறியைப் பழுதின்றி விளைவித்தால் மட்டும் போதாது; அதனைச் சந்தைக்குச் சேதமின்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தலும் அவசியமாகும். வத்தேகமப் பகுதியில் விளையும் போஞ்சி, தக்காளி, கோவா முதலியன மடவளை வழியாகக் கண்டிக்கும், மாத்தளை வழியாகத் தம்புள்ளைக்கும் லொறிகளிற் செல்கின்றன. வளைவும் இறக்கமும் நிறைந்த இவ்வீதிகளில் பாரத்தையும் சாரதியின் உயிரையும் தாங்குவன டயர்களேயாகும்.

குறை உண்டாகும் விதம்

தரையிற் படும் ரப்பர்ப் பட்டையின் கீழே உருக்குக் கம்பிப் படைகள் உள்ளன. இவை ஒன்றோடொன்று உறுதியாக ஒட்டாவிடின், ஓட்டத்திற் பட்டை கழன்று வாகனம் புரளக்கூடும். இக்குறை சில வேளைகளில் தொழிற்சாலையிலேயே உண்டாகின்றது. காற்று குறைவாயிருத்தலும், அளவுக்கு மிஞ்சிய பாரமும், வெப்பமும் அதனை விரைவில் வெளிப்படுத்தும்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் திகதி, அமெரிக்காவில் பயர்ஸ்ரோன் கம்பெனி 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றிற் பல போர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களில் பூட்டப்பட்டிருந்தன. இவ்வகை டயர்கள் தொடர்பான விபத்துக்களில் அந்நாட்டில் 270இற்கும் மேற்பட்டோர் இறந்தனர் எனக் கணக்கிடப்பட்டது. முறைப்பாடுகள் வெப்பம் மிகுந்த தென் மாநிலங்களிலிருந்தே அதிகமாக வந்தன. இதற்கு முன்னர், 1999ஆம் ஆண்டிலேயே, சவூதி அரேபியாவில் இவ்வாகனங்களின் டயர்கள் மாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தன. ஒரு நாட்டில் அறியப்பட்ட குறை மற்றொரு நாட்டாருக்குத் தாமதித்தே தெரியவந்தது. ஆகவே 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சட்டம், பிற நாடுகளில் திரும்பப் பெறப்படும் பொருள்களையும் அரசுக்கு அறிவிக்குமாறு உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தியது.

இலங்கைக்குப் பழைய வாகனங்கள் ஜப்பானிலிருந்து டயர்களுடனேயே வருகின்றன. அத்தகைய டயரை உடையவரை உற்பத்தியாளர் தேடி வருவது அரிது. தம் டயரின் இலக்கத்தை அறிந்தவரே அறிவித்தலோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.

இலக்கத்தை வாசித்தல்

பெரும்பாலான டயர்களின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 எனின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டதாகும். இதன் முன்னுள்ள எழுத்துக்களையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. டயர் வாங்கும்போது, அதன் பெயர், அளவு, இலக்கம் ஆகியவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்து, அதனைப் பத்திரப்படுத்துக.

2. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றமுக்கத்தை அளத்தல் வேண்டும். சரியான அளவு வாகனக் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். பக்கச் சுவரிற் காணப்படுவது மேலெல்லை மட்டுமே. ஓடிச் சூடேறிய டயரிலிருந்து காற்றை இறக்குதல் தவறு.

3. வீக்கம், வெடிப்பு, வழக்கத்துக்கு மாறான அதிர்வு ஆகியவை தோன்றின், பாரம் ஏற்றாது டயரைக் கழற்றிச் சோதிப்பிக்க வேண்டும். மேலதிக டயரையும் இழுவைப் பெட்டியின் டயர்களையும் மறத்தலாகாது.

4. ஓட்டத்திற் பட்டை கழன்றால், திடீரெனப் பிரேக்கை மிதியாது, சுக்கானை உறுதியாகப் பிடித்து வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

5. புதிய டயரிற் குறை காணின் விற்றவரிடம் முறையிடுக. அவர் ஏற்க மறுப்பின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குத் தாமதமின்றி எழுத்தில் அறிவிக்கலாம். அம்முறைப்பாட்டுக்கு, பற்றுச்சீட்டும் இலக்கமுமே தக்க சான்றாகும்.