நானோகெல்வினைப் பிடிப்பது எப்படி?

வெப்பமானி எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, 'வெப்பநிலை மாறினா மின்தடை மாறும், அதை அளந்தா போதும்' என்று சொல்லிவிடலாம். ஆனால் மின்தடையை அளக்க மின்சாரம் பாய்ச்ச வேண்டும். பாய்ச்சினால் வெப்பமானியே சூடாகும். அறை வெப்பநிலையில் இது பெரிய விஷயமில்லை. ஒரு கெல்வினை நூறு கோடியாகப் பிரித்து அதில் ஒரு பங்கை, அதாவது ஒரு நானோகெல்வினை அளக்கப் போனால் இந்தச் சூடே கணக்கைக் கெடுத்துவிடும்.

அவ்வளவு துல்லியம் எதுக்கு? திரவ ஹீலியம் 2.177 கெல்வினில் மீப்பாய்மமாக மாறுகிறது. அந்தப் புள்ளியை நெருங்க நெருங்க அதன் வெப்ப ஏற்புத்திறன் கிடுகிடுவென ஏறும். அந்த ஏற்றத்தின் வடிவத்தைச் சொல்லும் எண்ணுக்கு ஆல்பா என்று பெயர். கென்னத் வில்சனுக்கு 1982-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கோட்பாட்டை உரசிப் பார்க்க இது அருமையான இடம்.

பூமியில் ஒரு தொல்லை உண்டு. மேலே இருக்கும் ஹீலியத்தின் எடை கீழே இருப்பதை அழுத்துகிறது. அதனால் 1 செ.மீ. உயரத்துக்கு மாறுநிலை சுமார் 1.3 மைக்ரோகெல்வின் நகர்ந்துவிடும். ஆயிரம் நானோகெல்வினுக்கும் மேல்! எனவே ஸ்டான்ஃபோர்டின் ஜான் லிபா குழு, 1992 அக்டோபரில் கொலம்பியா விண்ணோடத்தில் சோதனையை மேலே அனுப்பியது.

அவர்களின் வெப்பமானி மின்தடையைத் தொடவே இல்லை. ஒரு பாரா காந்த உப்பு; அதன்மேல் மாறாத காந்தப்புலம்; சுற்றிலும் மீக்கடத்திச் சுருள். வெப்பநிலை துளி மாறினால் உப்பின் காந்தமாக்கம் மாறும். மூடிய மீக்கடத்திச் சுற்று தனக்குள் இருக்கும் காந்தப்பாயத்தை மாறவிடாது இல்லையா? அதை ஈடுகட்டத் தானாகவே ஒரு மின்னோட்டம் எழும். அதை ஸ்குவிட் என்ற மீக்கடத்திக் கருவி படிக்கிறது. மின்தடை இல்லை, அதனால் சூடும் இல்லை. ஒரு நானோகெல்வினுக்கும் கீழே பிரித்தறிய முடிந்தது இப்படித்தான். மிஞ்சுவது, உப்புக்கும் அது ஒட்டியிருக்கும் உலோகத்துக்கும் இடையே வெப்பம் தாறுமாறாகப் போய்வரும் இயற்கையான இரைச்சல். வெப்பத் தொடர்பை நன்றாக்கினால் அதையும் குறைக்கலாம்.

சரி, அளந்தாச்சு. நிலையாக வைப்பது? வெற்றிடத்துக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகள். வெளி அடுக்கு பெரிய ஏற்றத்தாழ்வை வாங்கிக்கொள்ளும். உள்ளே போகப் போகக் கட்டுப்பாடு இறுகும். வெப்பமானி சொல்வதைக் கேட்டு ஒரு குட்டிச் சூடேற்றி கூட்டிக் குறைக்கும். வெப்பமானியின் இரைச்சலைவிட நிலையாக எந்த அடுக்கையும் பிடித்து வைக்க முடியாது. சூடேற்றி அந்த இரைச்சலையும் நிஜ மாற்றம் என்றே நம்பும். அதனால்தான் உணரிக்கு இவ்வளவு மெனக்கெடல்.

இறுதி விடை: ஆல்பா -0.0127. கோட்பாடு ஜெயித்தது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு கணினிக் கணக்குகள் கூர்மையாகி -0.015-க்கு அருகில் போய் நின்றன. இரு தரப்பும் சொல்லும் பிழை அளவு சுமார் 0.0003 தான், இடைவெளியோ அதைப் போல ஏழெட்டு மடங்கு. யார் பக்கம் தப்பு என்று இன்னும் தீரவில்லை. தீர்க்க வேண்டுமென்றால், யாராவது மறுபடி ஒரு ஹீலியம் கலத்தோடும் ஸ்குவிட்டோடும் மேலே போக வேண்டியிருக்கும்.