அங்கணத்துத் தண்ணீர் எங்கே போகிறது?

பொங்கல் கழிந்து, ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. பந்தி முடிந்து கை கழுவ நின்றபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏன் பெரியம்மா, நீங்க திருநெல்வேலியில கழுவி விடுறதைத்தான நாங்க இங்க குடிக்கோம்?"

"சுத்தம் பண்ணித்தானம்மா குழாயில விடுறாங்க" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியும் என்னோடு உட்கார்ந்து வந்தது. கேட்டவள் வயிற்றுப்பிள்ளைக்காரி அல்லவா!

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை தாமிரபரணியின் நீளம் ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான். வழியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். நாங்கள் மேலே, அவள் கீழே. எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. அங்கணத்துத் தண்ணீர் வாறுகாலில் விழும், வாறுகால் கால்வாயில் விழும், பிறகு போகிற இடம் தெரிந்ததுதானே.

அப்படி என்னதான் போகிறது? அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, குழம்புச் சட்டி கழுவியது, எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு நுரை. எங்கள் மாமியார் காலத்தில் கழுநீரைப் பசு குடித்தது. பசுவை விற்று இருபது வருஷம் ஆகிறது. 'எல்லாம் நாம் சாப்பிடுகிற சாமான்தானே, விஷமா என்ன?' என்று நானும் இருந்துவிட்டேன். அங்கேதான் தப்பு.

கஞ்சியும் எண்ணெயும் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களுக்கு விருந்து. தின்னத் தின்ன அவை பெருகும். பெருகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். மீனுக்கு மூச்சு முட்டும். பிராணவாயு தீர்ந்த பிறகு வேறு ஜாதி நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். வாறுகாலில் வருகிற அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் கைங்கரியம். இந்தப் பிராணவாயுப் பசியை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. நம் நாட்டில் தண்ணீரை 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்க்கிறார்கள். குளிர்நாடுகளில் 20 டிகிரியில் 5 நாள். நம் ஊர் உஷ்ணத்தில் நுண்ணுயிரும் சுறுசுறுப்பு போலும்! ஆற்றில் விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று பொது விதி வைத்திருக்கிறார்கள். சுத்தம் செய்யாத வீட்டுச் சாக்கடையில் அது 200, 300 என்று நிற்கும்.

அந்த நுண்ணுயிர்களையே நமக்கு வேலைக்கு வைத்துக்கொண்டால் என்ன? நகரத்துச் சுத்திகரிப்பு நிலையங்களில் காற்றை ஊதி அவற்றை வளர்க்கிறார்கள். 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கண்ட முறை அது. வீட்டுக்கு ஏற்ற வழியைக் காட்டியவர் ஒரு பெண்மணி. ஜெர்மனியில் கேத்தே ஸைடல் என்ற விஞ்ஞானி 1950களில் கோரை வகைச் செடி ஒன்றைக் கழிவுநீரில் வளர்த்து, நீர் தெளிவதைக் காட்டினார். கழிவில் செடி பிழைக்கும் என்பதையே அப்போது பலர் எளிதில் ஏற்கவில்லை. நம் பத்தமடைப் பாய்க் கோரையும் அதே குடும்பம்தான். வேரிலும் கல்லிலும் நுண்ணுயிர்கள் பாசிபோலப் படிந்து கழிவைத் தின்னும். வேர் கொஞ்சம் பிராணவாயுவையும் கீழே கொண்டுபோகும். புதுச்சேரி பக்கம் ஆரோவில்லில் இந்த மாதிரிச் செடிப்படுகைகள் இருக்கின்றன.

எங்கள் புறவாசலில் 6 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி வெட்டி, செங்கல் வைத்துப் பூசினோம். எங்கள் அடுக்களையில் நாளைக்கு ஆறேழு குடம் தண்ணீர் செலவாகும். குழிக்குள் அது மூன்று நாளாவது தங்கவேண்டும் என்பது கணக்கு. உள்ளே ஜல்லி, அதற்கு மேல் பொடிக்கல். நட்டது கல்வாழை. கோரை கேட்டால் வீட்டுக்காரர், "பாயா முடையப் போறே?" என்றார்.

முதல் மாதமே அடைத்துக்கொண்டது. நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டு மதினி சண்டைக்கே வந்துவிட்டாள். குற்றம் என்னுடையதுதான். எண்ணெய்ச் சட்டியை அப்படியே கழுவி ஊற்றியிருக்கிறேன். இப்போது குழிக்கு முன்னால் மூடிபோட்ட சின்னத் தொட்டி ஒன்று உண்டு. பிசுக்கு மேலே மிதக்கும், பருக்கை அடியில் தங்கும், நடுத் தண்ணீர் மட்டும் குழிக்குப் போகும். வாரம் ஒரு தடவை அள்ளி எருக்குழியில் போடுகிறேன். எண்ணெய்ச் சட்டியை முதலில் பழைய பேப்பரால் துடைத்துவிடுகிறேன். பாதி வேலை இந்தத் துடைப்பில்தான் இருக்கிறது.

குழியைத் தாண்டி வரும் நீரில் கொஞ்சம் நிறமும் வாடையும் மிச்சம் இருந்தன. அதற்கு ஒரு மண்பானையில் மணலும் நொறுக்கிய சிரட்டைக்கரியும். கரியின் மேல் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அழுக்கு அவற்றின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீராவியில் 800, 900 டிகிரி சூட்டில் பக்குவப்படுத்திய கரி ஒரு கிராமை விரித்தால் 500 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வரும். விஷம் குடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் அந்தக் கரியைத்தான். வீட்டில் சுட்ட கரிக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. உமிச் சாம்பல், தென்னை நார்க்கழிவு என்று பலவற்றையும் ஆய்வுக்கூடங்களில் சோதித்திருக்கிறார்கள். கண்ணாடிக் குவளையில் எல்லாமே பிரமாதம்தான்! துளை நிரம்பிய கரியை எங்கே கொட்டுவது என்பதைத்தான் முதலில் யோசிக்கவேண்டும். அடுக்களைக் கரியை வாழைக்கு அடியில் புதைக்கலாம். சாயத் தண்ணீர் வடிகட்டிய கரியைப் புதைக்கக் கூடாது.

சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்காரிகள் ஒன்றைக் கவனியுங்கள். கல்லுக்கு மேல் தண்ணீர் தேங்கினால் கொசு முட்டையிடும். எப்போதும் நீர்மட்டம் கல்லுக்கு நாலு விரற்கடை கீழேயே இருக்கட்டும். கக்கூஸ் தண்ணீரை இதில் விடவே கூடாது. வெளியே வரும் நீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனாலும் குடிக்கவோ குழந்தையைக் குளிப்பாட்டவோ ஆகாது, கீரைப் பாத்திக்கும் வேண்டாம். எங்கள் வீட்டில் வாழைக்கும் தென்னைக்கும் போகிறது. வாறுகாலுக்கு இப்போது சொட்டுக்கூடப் போவதில்லை.

தங்கை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. போனில் முதலில் கேட்டது பேரை அல்ல, "பெரியம்மா, அந்தக் கல்வாழைக் கிழங்கு ரெண்டு கொண்டாங்க" என்றுதான். ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.