காய்ச்சலுடன் வருவோர் கொட்டிலைப் பற்றியும் சொல்க

வீட்டை ஒட்டி அரை ஏக்கர் நிலம், இரண்டு கறவை மாடுகள், நான்கைந்து ஆடுகள், கொல்லையில் கோழிகள், கிணற்றடியில் கீரைப்பாத்தி. காய்ச்சலுக்காக எங்களிடம் வருவோரில் பலருடைய வாழ்க்கை இத்தகையதே. ஆயினும், என்ன வேலை செய்கிறீர்கள் என்று வினவினால், "வீட்டில்தான் இருக்கிறேன்" என்பதே பெண்களிடமிருந்து பெரும்பாலும் வரும் விடை. விடியுமுன் சாணம் அள்ளி, பால் கறந்து, வரப்பில் புல் அறுத்துச் சுமந்து வருவதை அவர்கள் வேலையாகக் கணக்கிடுவதில்லை. நோயைக் கண்டறிய எங்களுக்கு வேண்டிய துப்போ பல வேளைகளில் அந்தச் சொல்லப்படாத வேலையில்தான் இருக்கிறது.

உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸை முதலில் கூறலாம். புதர்களிலும் புல்வெளியிலும் வாழும் மிகச்சிறிய உண்ணியின் இளம்புழு கடிப்பதால் இது வருகிறது. மாட்டின் மேல் காணும் பெரிய உண்ணி வேறு; இது கண்ணுக்கு எளிதில் புலப்படாது, கடிப்பதும் தெரியாது. ஏறத்தாழ பத்து நாட்களுக்குப் பின் கடுங்காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் தொடங்கும். தமிழகத்தில் மழைக்காலத்தின் பிற்பகுதியிலும் பனிக்காலத்திலும் இது மிகுதி. டெங்கு பரவும் காலமும் அதுவே. இரண்டிலும் இரத்தத் தட்டணுக்கள் குறையக்கூடும் என்பதால், தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து டெங்கு என்று முடிவு கட்டிவிட இயலாது.

கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டது போன்ற கரிய பொருக்கு ஒன்று தோன்றும். அது வலிக்காது, அரிக்காது. ஆகவே நோயாளிக்கே தெரிவதில்லை. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, பாவாடை நாடா இறுகும் இடுப்பு ஆகிய மறைவான இடங்களில்தான் அது பெரும்பாலும் இருக்கும். முழு உடலையும் நாங்கள் பார்க்க விரும்புவது இதற்காகவே. கூச்சமாக இருப்பின் பெண் செவிலியரை அழைக்குமாறு கேளுங்கள். அல்லது வீட்டிலேயே உங்கள் மகளோ தாயோ பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். எல்லோருக்கும் இப்பொருக்கு தோன்றும் என்பதில்லை. ஆனால் இருந்தால், அதைவிடத் தெளிவான அடையாளம் எங்களுக்குக் கிடைப்பது அரிது.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. டாக்சிசைக்ளின் என்னும் விலை குறைந்த மருந்தை உரிய காலத்தில் தொடங்கினால், பெரும்பாலோருக்கு இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் தணிகிறது. காய்ச்சலுக்கென்று கடையில் பொதுவாக வாங்கிப் போடும் அமாக்ஸிசிலின் போன்ற மாத்திரைகள் இதற்குப் பயன்படா. அவற்றை விழுங்கிக்கொண்டே ஒரு வாரம் கழிந்துவிட்டால், நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு, செயற்கைச் சுவாசம் தேவைப்படும் நிலை வரக்கூடும். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருந்தின் பெயரைக் கொண்டுபோய்க் கடையில் கேட்க வேண்டாம்.

எலிக்காய்ச்சலுக்கு வழி வேறு. எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த சேறும் தேங்கிய நீரும், பித்தவெடிப்பு, சிராய்ப்பு வழியே கிருமியை உள்ளே விடுகின்றன. கெண்டைக்கால் தசையைத் தொடவே விடாத வலியும், பீளை இல்லாமல் சிவந்த கண்களும் இதைச் சுட்டும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். மஞ்சள் காமாலை என்று எண்ணிப் பச்சிலை தேடி நாட்களைக் கடத்துவது ஆபத்தானது.

வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, இடுப்பு வலி ஆகியவற்றுடன் ஒருவர் வந்தால், வீட்டில் மாடோ ஆடோ குறைமாதத்தில் கன்றையோ குட்டியையோ வீசியதா என்று கேட்போம். காய்ச்சலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியப்பார்கள். கன்று வீச்சு நோய் எனப்படும் புரூசெல்லா, வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்பதாலும், காய்ச்சாத பாலைக் குடிப்பதாலும் மனிதருக்கு வருகிறது. பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி அழியும். இதற்கான சிகிச்சை குறைந்தது ஆறு வாரம். காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். நான்கு முதல் எட்டு மாதம் வரையிலான கிடாரிக் கன்றுகளுக்கு ஒருமுறை போடப்படும் தடுப்பூசி இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். சிகிச்சை முடியுமுன் வீட்டுக்குப் போயாக வேண்டும் என்று வற்புறுத்துவோரில் சிலருக்கு உண்மைக் காரணம் பணமோ பயமோ அன்று. மாடு கறக்க ஆளில்லாமையே. கறவாத மடி கட்டிக்கொள்ளும் என்பதை நாங்களும் அறிவோம். இதை அற்பக் காரணமாக நாங்கள் நினைப்பதில்லை. சேர்க்கையன்றே சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் தங்க நேரும், எப்போது மாத்திரைக்கு மாறி வீடு திரும்பலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால், உறவினரோ அண்டை வீட்டாரோ பொறுப்பேற்க வழி பிறக்கும்.

அவ்வாறு பொறுப்பேற்பவரும் அதே கொட்டிலில்தான் நிற்கப் போகிறார். முழங்கால் வரையிலான ரப்பர் காலணியும், சாணம் அள்ளக் கையுறையும் அவருக்குக் கொடுங்கள். புல் அறுத்துத் திரும்பியதும் சோப்பிட்டுக் குளித்து, உடுத்திய துணியை அன்றே துவைக்கட்டும். அடுத்த மூன்று வாரங்களுக்குள் அவருக்குக் காய்ச்சல் கண்டால், யாருடைய மாட்டை, எந்த நாளிலிருந்து பார்த்தார் என்ற விவரத்துடன் அழைத்து வாருங்கள்.