கிதாரும் வால்வு ஆம்ப்ளிபயரும்

இரும்புலியூரில் மாலை வேளையில் நடந்து சென்றால், ரயிலின் ஓசைக்கும் ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலுக்கும் ஊடே ஏதேனும் ஒரு மாடியிலிருந்து மின்கிதாரின் குரல் கேட்பதுண்டு. கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் சென்னை நகரை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது முதல் இது மாணவர் மிகுந்த வட்டாரம் அன்றோ! அவர்களில் இசை பயில்வோர் சிலர், "வால்வு வைத்த ஆம்ப்ளிபயர் வாங்க விரும்புகிறோம், எதைப் பார்த்து வாங்குவது?" என்று என்னைக் கேட்கிறார்கள். விலையைப் பார்ப்பதற்கு முன் பெட்டிக்குள் நடப்பது இன்னதென்று பார்க்க வேண்டும் என்பதே என் விடை.

கிதாரின் கம்பி அதிரும்போது, அதனடியிலுள்ள காந்தச் சுருளில் எழும் மின்னழுத்தம் மிகச் சிறிது. பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அதைப் பெரிதாக்குவது வால்வு. 12ஏஎக்ஸ்7 என்னும் எண்ணுடைய சிறு கண்ணாடிக் குப்பிக்குள் மும்முனை வால்வுகள் இரண்டு உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 மடங்கு பெருக்கவல்லது. இத்தகைய படிகள் மூன்று நான்கை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதே 'ஹை கெயின்' என்று வழங்கும் மிகுபெருக்க ஆம்ப்ளிபயர்.

ஆனால் எந்த வால்வுக்கும் ஓர் எல்லை உண்டு. மரக்காலில் நெல்லைக் குவித்துத் தலைதட்டி அளப்பதை நினைத்துப் பாருங்கள். சிறிது கூடக் கொட்டினாலும், மலைபோலக் கொட்டினாலும், தட்டியபின் நிற்பது ஒரே அளவுதான். வால்வும் அவ்வாறே எல்லை மீறிய அலையின் முகட்டைத் தட்டிவிடுகிறது. அலையின் வடிவம் மாறுவதால் குரலில் ஒரு கரகரப்புப் பிறக்கிறது. கம்பியின் அதிர்வு தணிந்துகொண்டே வந்தாலும், அது மரக்காலின் விளிம்புக்குக் கீழே இறங்கும்வரை ஒலி குன்றுவதில்லை. சுரம் நீண்டு நிற்கிறது.

சுரம் நீண்டு நிற்க வேண்டும் என்ற தேவை நமக்குப் புதிதன்று. மாண்டலின் குறுகிய கம்பிகளை உடையது. மீட்டியவுடன் ஒலி அடங்கிவிடும். கர்நாடக இசைக்கோ கமகம் உயிர். விரல் அசைந்து முடியும் வரை சுரம் வாழ வேண்டும். 1981இல், சிறுவனாயிருக்கும்போதே சென்னையில் அரங்கேறிய யு. ஸ்ரீநிவாஸ், இரட்டைக் கம்பிகளை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் பூட்டிய மின்மாண்டலினைக் கையாண்டார். அவர் நாடியது கரகரப்பற்ற தெளிந்த நாதம். ராக் இசைஞர்கள் கரகரப்பையும் சேர்த்தே விரும்பினார்கள். தேவை ஒன்று, வழி இரண்டு. இவ்விரண்டையும் ஒரே பெட்டியில் தருவனவே இரு சானல் ஆம்ப்ளிபயர்கள். ஒன்று தெளிந்த குரலுக்கு, மற்றொன்று மிகுபெருக்கத்துக்கு.

வாங்கும்போது பலர் வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்குகிறார்கள். 100 வாட் என்பது 50 வாட்டைப்போல் இருமடங்கு உரக்க ஒலிக்காது. வேறுபாடு 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே கல்லூரி அரங்குக்கு 20 வாட் வால்வுப் பெட்டியே பெரும்பாலும் போதும். வாட்டைவிட முக்கியமானது, ஒவ்வொரு சானலுக்கும் தனித்தனி மாஸ்டர் குமிழும் தனித்தனி சுரபேதக் குமிழ்களும் இருக்கின்றனவா என்பது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே வரிசைக் குமிழ்கள் இருந்தால், ஒன்றுக்குப் பொருந்தியது மற்றதைக் கெடுக்கும். மலிவாகக் கிடைத்தாலும் அத்தகைய பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனிச் சமன் செய்தல். தெளிந்த சானலிலிருந்தே தொடங்குங்கள். விரைவில் எல்லையை எட்டுவது அதுதான். கம்பிகளை ஓங்கி மீட்டி, குரல் உடையத் தொடங்கும் இடம்வரை ஏற்றி, சற்றே இறக்குங்கள். பிறகு மிகுபெருக்க சானலில் முதலில் கரகரப்பின் அளவை நிலைப்படுத்தி, அதன் மாஸ்டர் குமிழால் மட்டும் முன்னதன் உரப்புக்குக் கொண்டு வாருங்கள். இதை மேடையில் வாசிக்கப்போகும் உரப்பிலேயே செய்ய வேண்டும். காரணம் உண்டு. 1933இல் பிளெச்சர், மன்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் காட்டியபடி, ஒலி தாழ்ந்திருக்கும்போது கீழ்ச் சுரங்கள் நம் காதுக்குக் குறைவாகவே எட்டுகின்றன. அண்டை வீட்டாருக்கு அஞ்சி மெல்ல வைத்துச் சமன் செய்தவர், மேடையில் உரப்பைக் கூட்டியதும் கீழ்ச்சுரங்கள் பொங்கி எழக் காண்பார். மேலும், தலைதட்டப்பட்ட குரல் தனிமையில் பிரமாதமாக ஒலித்து, முரசும் பாஸ் கிதாரும் சேர்ந்ததும் மறைந்துபோகும். கரகரப்பைச் சற்றுக் குறைத்து நடுச்சுரங்களைக் கூட்டினால் அது மீளும்.

மிகுபெருக்கம் சுரத்தை மட்டுமா பெருக்கும்? நம் நாட்டு மின்சாரத்தின் 50 சுழற்சி ரீங்காரத்தையும் பெருக்கும். அது மேனாட்டு 'ஜி' சுரத்துக்கு மிக அண்மையில் நிற்பது. அழைக்காமல் வந்த தம்பூரா என்னலாம். எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள் பிக்கப் அதை வெகுவாகத் தணிக்கும். அதற்காக மூன்று முனைச் செருகியின் எர்த் முனையை நீக்குவோர் உண்டு. அது உயிருக்கே ஆபத்து. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியாயின் பின்புறத்தில் 230 வோல்ட் என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் இணைப்பின்றி இயக்கினால் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் கெடக்கூடும். செருகியைப் பிடுங்கிய பின்னரும் உள்ளேயுள்ள கன்டென்சர்களில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கலாம் ஆதலால், வால்வு மாற்றுவதற்கு மேற்பட்ட எந்த வேலையையும் பழுதுபார்ப்பவரிடமே விட்டுவிடுங்கள்.