எதுக்களிப்பும் செவியும்

போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்படும் ஜீப், முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று போடிமெட்டை நெருங்கும் தருணத்தில், பெரியவர்களுக்குக் காது அடைத்துக்கொள்வதும், எச்சிலை விழுங்கியதும் அது திறந்துகொள்வதும், மடியிலிருக்கும் சிசு வீறிட்டழுது, பால் இரண்டு வாய் இறங்கியதும் அமைதி பெறுவதும் அவ்வழியே போய்வந்தவர்கள் அறிந்தவையே. அங்ஙனம் திறந்துகொள்வது, நடுச்செவியை மூக்கின் பின்புறத்துத் தொண்டையோடு இணைக்கும் ஒரு நுண்ணிய குழல். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய வைத்தியர் யூஸ்டாக்கி அதனை விவரித்தமையால் அவர் பெயராலேயே வழங்குகிறது. வளர்ந்தவர்களிடத்தில் ஏறக்குறைய 45 பாகை சரிந்திருக்கும் அக்குழல், சிசுக்களிடத்தில் நீளத்தில் பாதியாய், 10 பாகை அளவே சரிந்து கிடப்பதால், தொண்டைக்கு வந்தது செவிக்கு ஏறத் தடை குறைவு.

பச்சிளங்குழந்தை பால் கக்குவது இயற்கை. இரைப்பையின் மேல்வாயை இறுக்கும் தசை வலுப்பெறப் பெற, ஓராண்டு வயதை ஒட்டிப் பெரும்பாலும் தானே நின்றுவிடும். ஆயினும், உதட்டுக்கு வராமல் தொண்டைவரை ஏறித் திரும்பும் எதுக்களிப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2002-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், நடுச்செவியில் நீர் கோத்த 54 குழந்தைகளின் நீரைச் சோதித்தபோது, 45 பேரிடத்தில் இரைப்பைக்கே உரிய பெப்சின் என்னும் ஜீரணப் பொருளையோ அதன் முன்வடிவத்தையோ கண்டனர். சிலவற்றில் அதன் செறிவு இரத்தத்தில் உள்ளதைப்போல் ஆயிரம் மடங்குவரை இருந்தது. இரத்தத்திலிருந்து கசிந்து இத்தனை சேராது. தொண்டை மார்க்கமாகவே ஏறியிருக்க வேண்டும். அமிலமும் பெப்சினும் பட்ட குழலின் உட்சவ்வு வீங்கி வழியை அடைக்க, காற்றுப் புகாத நடுச்செவியில் நீர் தேங்கிப் பசையாகிறது என்பது அவர்கள் வழிவந்த விளக்கம்.

இங்கே ஒரு நிதானம் அவசியம். இருக்கக் கண்டதனாலேயே அதுதான் காரணம் என்று தீர்மானித்துவிட முடியாது; சளியும், மூக்கின் பின்புறத்துச் சதை வளர்ச்சியும், வீட்டுக்குள் சூழும் பீடிப் புகையும் இந்நோய்க்குப் பழகிய காரணங்கள். அமிலத்தைக் குறைக்கும் மருந்து செவி நீரை வற்றச் செய்யும் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. கிருமிகளைக் கொல்லும் காவலும் அந்த அமிலமே ஆதலின், காதுக்கென்று அம்மருந்தைக் கடையில் தாமாக வாங்கிக் கொடுப்பது தவறு என்றே கூறுவேன்.

இந்த நீர்க்கோப்பில் வலியில்லை, சுரமில்லை, சீழ் வடிவதுமில்லை. ஆகையால் எவரும் சந்தேகிப்பதில்லை. மூன்று முறை கூப்பிட்ட பிறகே திரும்புகிற பிள்ளைக்கு மந்தபுத்தி என்றும் பிடிவாதம் என்றும் பெயர் சூட்டப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்தப் பிள்ளைக்கு உலகம் பஞ்சடைத்த காதில் கேட்பதுபோல் கேட்கிறது. பெரும்பாலோருக்கு மூன்று மாதத்தில் நீர் தானே வற்றும். வற்றாதபோது வைத்தியர் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்த நேரலாம். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதால் பயனில்லை. செவிப்பறைக்கு அப்பால் தேங்கிய நீரை எண்ணெய் எட்டாது, பறையில் துளையிருந்தாலோ தீங்கே நேரும்.

தாய்மார்களே, குழந்தையின் தலையைச் சற்றே உயர்த்திப் பாலூட்டுங்கள். ஊட்டியபின் கால்மணியேனும் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். படுத்த குழந்தையின் வாயில் புட்டியைச் செருகாதீர்கள். 2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நாளில், வேலைக்குப் போகுமுன் ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிச் செல்லுங்கள்: பிள்ளையின் காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.