ரியாக்டருக்குப் போகும் இரண்டாவது கேபிள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், உப்பனாற்றை ஒட்டியுள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரசாயன, மருந்து ஆலைகள் மிகுதி. இத்தகைய ஆலையில் ரியாக்டரின் வெப்பம் ஏறினால் குளிர்நீர் வால்வு உரிய நேரத்தில் திறந்தாக வேண்டும். சென்சார் சொல்வதை பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கணினிக்கும், அதன் கட்டளையை வால்வுக்கும் கொண்டுசெல்ல இப்போது ஈதர்நெட் பயன்படுகிறது. 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் அலுவலகக் கணினிகளுக்காக உருவாக்கிய முறை இது. அச்சுக்குப் போகும் கோப்பு அரை விநாடி தாமதித்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆலையில் அப்படி விட முடியாது. மிக மோசமான வேளையிலும் செய்தி எத்தனை மில்லிவிநாடிக்குள் போய்ச் சேரும் என்பதே அங்கே அளவுகோல். கேபிளின் வேகத்தை மட்டும் பார்த்து வாங்குவது வீண்.

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில் நீர்ச்சுழற்சிப் பம்புகள் இரண்டும் நின்றுபோக, ஊழியர்களே அணுஉலையை நிறுத்த நேர்ந்தது. வலையமைப்பில் மிதமிஞ்சிப் பெருகிய செய்திகளால் பம்புகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செயலிழந்தன என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் அலுவலகக் கணினிகள், கேமராக்கள், ரியாக்டர் ஆகியவற்றின் போக்குவரத்தைத் தனித்தனியே பிரிக்க வேண்டும். அடுத்தது மாற்றுப்பாதை. செய்திகளை வழிப்படுத்தும் சுவிட்ச்களை வளையமாக இணைத்தால் ஓரிடத்தில் கேபிள் அறுந்தாலும் செய்தி மறுபக்கமாக வரும்; ஆனால் ஒரு பகுதியை அடைத்து வைக்காவிட்டால் செய்திகள் சுற்றிச் சுற்றிப் பெருகி வலையமைப்பையே முடக்கிவிடும். ராடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த 'ஸ்பானிங் ட்ரீ' இந்த அடைப்பைத் தானாகச் செய்தது. ஆனால் அதன் பழைய வடிவம் புதுப்பாதை திறக்க 30 முதல் 50 விநாடி எடுக்கும். ஆலைகளுக்கென்றே வந்த 'எம்.ஆர்.பி.' வளையம், 50 சுவிட்ச்கள் இருந்தாலும் 200 மில்லிவிநாடிக்குள் மீளும்படி அமைக்கக்கூடியது.

ஒரு கேபிள் போதாதா, செலவு இரட்டிப்பாகிறதே என்று ஆலை நிர்வாகம் கேட்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தாக்கிய கரை இது. உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். இடி மின்னல் செப்புக் கம்பி வழியே கருவிகளுக்குள் பாயும். ஆகவே கட்டடங்களுக்கிடையே கண்ணாடி இழைக் கேபிளே தகும். இரண்டு கேபிள்களையும் ஒரே டிரேயில் போட்டால் ஒரு தீ இரண்டையும் பொசுக்கிவிடும். சென்சாரின் அளவை மின்னோட்டமாக அனுப்பும் பழைய 4–20 மில்லிஆம்பியர் கம்பி ஈதர்நெட்டைவிட எளிதாயிற்றே என்பது வலுவான வாதம். அவசர நிறுத்தத்தைப் பொறுத்தவரை அதை ஏற்கத்தான் வேண்டும். ஆபத்தில் ரியாக்டரை நிறுத்தும் ஏற்பாடு, அன்றாடக் கட்டுப்பாட்டு வலையமைப்பை நம்பியிராமல் தனியே இருக்க வேண்டும். ஏனெனில் குடிகாடு போன்ற ஊர்கள் ஆலைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மற்ற வேலைகளுக்கு ஈதர்நெட் மேல், ஏனெனில் எந்தக் கருவி பழுதடைகிறது என்பதையும் அது தெரிவிக்கிறது. ஆனால் வளையத்தில் முதல் கேபிள் அறுந்ததை உற்பத்தி காட்டிக்கொடுக்காது. எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அறுப்புக்குக் கண்ட்ரோல் ரூமில் அலாரம் ஒலிக்கும்படி அமைக்கவில்லையென்றால், இரண்டாவது கேபிள் அறும்போதுதான் முதலாவது எப்போதோ போய்விட்டது தெரியவரும்.